கார் ஏசி கம்ப்ரசர் மாற்றும்போது எந்த ஆயில், எத்தனை மில்லி?

புதுக் கம்ப்ரசரைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே வண்டியில் மாட்டிவிடாதீர்கள். பழையதைக் கழற்றிக் கவிழ்த்து வைத்து, அதிலிருந்து எத்தனை மில்லி ஆயில் வடிகிறது என்று அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். அந்த எண் தெரியாமல் புதியதில் எவ்வளவு ஆயில் இருக்க வேண்டும் என்று யாராலும் சொல்ல முடியாது, கம்ப்ரசர் விற்ற கடைக்காரராலும் முடியாது.

உச்சிப்புளிக்குப் பக்கத்தில் சாலையோரம் பட்டறை வைத்திருக்கிறேன். என்னிடம் வருவதில் பாதிக்கு மேல் ராமேஸ்வரம், தனுஷ்கோடி ஓடுகிற வாடகை வண்டிகள். போன வருஷம் தங்கச்சிமடத்துத் தம்பி ஒருவர் தன் காரைக் கொண்டுவந்தார். பங்குனியில் வெளியூர்ப் பட்டறை ஒன்றில் புதுக் கம்ப்ரசர் போட்டிருக்கிறார், வைகாசி பிறப்பதற்குள் கூலிங் போய்விட்டது, சிக்னலில் நின்றால் அனல் காற்று வருகிறது, பெல்ட் கத்துகிறது. அழுத்தம் காட்டுகிற கேஜ் போட்டுப் பார்த்தால் அதிக அழுத்தப் பக்கத்துச் சிவப்பு முள் ஏறிக்கொண்டே போகிறது. கேஸை எடுத்துவிட்டுக் கம்ப்ரசரைக் கழற்றிக் கவிழ்த்தேன். அந்த வண்டியின் மொத்த சிஸ்டத்துக்குமே 120 மில்லிதான் கணக்கு. கம்ப்ரசரிலிருந்து மட்டும் 130 வந்தது, வண்டியின் முன்னால் இருந்து சூட்டை வெளியே விடுகிற கண்டென்சரைச் சாய்த்தால் அதிலிருந்தும் ஒழுகுகிறது. பெட்டியோடு வந்த ஆயிலையும் உள்ளேயே விட்டுவிட்டு, புதுசு காய்ந்துவிடக் கூடாது என்று மேலே அரை டப்பாவும் ஊற்றியிருக்கிறார்கள்.

தம்பி என்னிடம் கேட்டது இதுதான்: "ஆயில் கூடுதலா இருந்தா நல்லதுதானேண்ணே? கம்மியா இருந்தாத்தானே புடிச்சுக்கும்?"

இந்த நினைப்பு எல்லோரிடமும் இருக்கிறது, அதனால் இதை முதலில் பேசிவிடுவோம். எஞ்சினில் ஆயில் கீழே சம்ப்பில் கிடக்கும், குச்சி விட்டு அளவு பார்க்கலாம், கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் வண்டி ஓடும். கார் ஏசி அப்படி இல்லை. இங்கே ஆயில் ஒரு இடத்தில் தங்குவதே இல்லை, கேஸோடு கலந்து கம்ப்ரசர், கண்டென்சர், ஈரத்தை உறிஞ்சுகிற டிரையர், கேஸின் அழுத்தத்தை இறக்குகிற எக்ஸ்பான்ஷன் வால்வு, கேபினைக் குளிர வைக்கிற கூலிங் காயில் என்று சுற்றிக்கொண்டே இருக்கும், திரும்பக் கம்ப்ரசருக்கு வரும், மறுபடி கிளம்பும். எஞ்சினை நிறுத்தியதும் எங்கே இருக்கிறதோ அங்கே நின்றுவிடும். தோராயமாகச் சொன்னால் பாதி கம்ப்ரசரில் நிற்கும், ஐந்தில் ஒரு பங்கு கூலிங் காயிலில், மீதி கண்டென்சரிலும் டிரையரிலும் பைப்புகளிலும். ஆக நீங்கள் கழற்றி எடுக்கிற பழைய கம்ப்ரசரோடு வெளியே போவது மொத்த ஆயிலில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் வண்டியிலேயே இருக்கிறது. வெளியே போன பங்கை மட்டும் திரும்பக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

கூடிப்போனால் என்ன ஆகும்? கண்டென்சர் குழாய்களின் உள்சுவரிலும் கூலிங் காயிலின் உள்சுவரிலும் ஆயில் படலம் கட்டி நிற்கும். சூடு வெளியே போகவும் முடியாது, குளிர் கேபினுக்கு வரவும் முடியாது. அழுத்தம் ஏறும், கம்ப்ரசர் இழுக்கத் திணறும், பெல்ட்டும், கம்ப்ரசரை அதோடு இணைக்கிற மேக்னட் கிளட்சும் சூடேறும். அப்புறம், ஆயில் ஒரு திரவம், அதை அமுக்க முடியாது. பிஸ்டனுக்குள் ஒரு மொத்தையாக வந்து மாட்டினால் உள்ளே இருக்கிற மெல்லிய வால்வுத் தகடு உடைந்துபோகும். குறைந்துபோனால் நடப்பது எல்லோருக்கும் தெரியும்: அலுமினியமும் இரும்பும் வறட்டுத்தனமாக உரசி, தூள் கிளம்பி, அந்தத் தூள் சிஸ்டம் முழுக்கப் பரவி, கடைசியில் கம்ப்ரசர் பிடித்துக்கொள்ளும். இரண்டுமே கம்ப்ரசரைக் கொல்லும், ஒன்று சீக்கிரம், ஒன்று மெதுவாக.

சரி, எந்த ஆயில் என்று பார்ப்போம். முதலில் பானட்டைத் திறந்து உள்ளே ஒட்டியிருக்கிற ஏசி ஸ்டிக்கரைப் படியுங்கள். எந்தக் கேஸ், எத்தனை கிராம் என்று இருக்கும், பல வண்டிகளில் ஆயிலின் பெயரும் இருக்கும். அதில் இல்லாவிட்டால் கம்ப்ரசரின் உடம்பிலேயே ஒட்டிய லேபிளைத் துடைத்துப் பாருங்கள். இங்கே ஓடுகிற கார்களில் பெரும்பாலானவை ஆர்-134ஏ கேஸ், அதற்கு பிஏஜி என்கிற செயற்கை ஆயில். பிஏஜியிலேயே 46, 100, 150 என்று மூன்று தடிமன் உண்டு. அந்த எண் 40 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பதைக் குறிக்கிறது, பெரிய எண் என்றால் கெட்டி. 46 கேட்கிற கம்ப்ரசரில் 150 ஊற்றினால், ஆயில் காயிலில் தேங்கி நிற்கும், கம்ப்ரசருக்குத் திரும்பி வரத் தாமதமாகும். 100 கேட்கிற கம்ப்ரசரில் 46 ஊற்றினால் படலம் மெல்லிசாகிப் பேரிங்கும் பிஸ்டனும் தேயும். நம்ம ஊர் வெயில் அதிகம், அதனால் கெட்டி ஆயில்தான் நல்லது என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எஞ்சின் ஆயிலுக்குச் சொல்கிற பேச்சை இங்கே கொண்டுவரக் கூடாது, கம்ப்ரசர் செய்தவன் என்ன தடிமனை மனதில் வைத்து இடைவெளி விட்டானோ அதே தடிமன்தான் போக வேண்டும்.

டென்சோ கம்ப்ரசர்களில் என்.டி. ஆயில் 8 என்று எழுதியிருந்தால் அது பிஏஜி 46 வகை. சாண்டன் கம்ப்ரசர்களில் எஸ்.பி.-10 என்றால் 46, எஸ்.பி.-20 என்றால் 100. புதிய வண்டிகள் சிலவற்றில் ஆர்-1234ஒய்எஃப் கேஸ் வருகிறது. அதற்கும் பிஏஜிதான், ஆனால் அந்தக் கேஸுக்கென்றே செய்த பிஏஜி, டப்பாவில் அந்தக் கேஸின் பெயர் அச்சாகியிருக்க வேண்டும். டென்சோவில் அது என்.டி. ஆயில் 12. பழைய ஆர்-12 வண்டி எங்காவது ஒன்றிரண்டு மிச்சமிருக்கலாம், அவற்றில் மினரல் ஆயில் இருக்கும். அந்த ஆயில் 134ஏ கேஸோடு கலக்காது, கேஸ் சுற்றும், ஆயில் எங்கேயோ ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்ளும்.

ஹைப்ரிட், எலெக்ட்ரிக் வண்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவற்றில் கம்ப்ரசரை பெல்ட் சுற்றுவதில்லை, உள்ளேயே உயர் மின்னழுத்த மோட்டார் இருக்கிறது, ஆயில் அந்த மோட்டாரின் காயில் கம்பிகள் மேலேயே ஓடுகிறது. அதனால் மின்சாரத்தைக் கடத்தாத பிஓஇ வகை ஆயில்தான் ஊற்ற வேண்டும், டென்சோவில் என்.டி. ஆயில் 11. சாதாரண பிஏஜி கொஞ்சம் கலந்தாலே இன்சுலேஷன் கெட்டு, வண்டியே மின்கசிவு எச்சரிக்கை போட்டு நின்றுவிடும். முன்னால் பிஏஜி வண்டிக்குப் பயன்படுத்திய கேஜ் ஹோஸ்களை அப்படியே இதில் மாட்டினால்கூட அந்தக் கலப்பு நடக்கும். ஆரஞ்சு நிற வயர் தெரிகிற வண்டியில், அதற்கான பயிற்சியும் கையுறையும் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

எல்லா வண்டிக்கும் ஆகும் என்று எழுதி விற்கிற ஆயில்கள் உண்டு. நான் வாங்குவதில்லை. ஸ்டிக்கரில் சொன்ன ஆயில் மதுரையிலோ ராமநாதபுரத்திலோ கிடைக்கும்போது, ஒரு நாள் காத்திருந்து அதை வாங்கி ஊற்றுவதில் என்ன நஷ்டம்? கம்ப்ரசர் ஆயிரக்கணக்கில் விலை, ஆயில் டப்பா சில நூறு ரூபாய்.

இப்போது நம்ம கடற்கரைக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். ஐப்பசி மழையில் அடுக்களையில் உப்பு ஜாடியைத் திறந்து வைத்தால் என்ன ஆகும்? மறுநாள் காலையில் உப்பு நீர்விட்டுக் கிடக்கும். பிஏஜி ஆயிலும் அதே ஜாதிதான். காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்து உள்ளே வைத்துக்கொள்ளும், பார்வைக்குக் கொஞ்சமும் மாறாது, தெளிவாகவே இருக்கும். உப்பையாவது பார்த்தால் தெரியும், இது தெரியாது. மண்டபம், பாம்பன், கீழக்கரை, தேவிபட்டினம் என்று கடலை ஒட்டிய எந்த ஊரிலும் காற்றில் ஈரம் வருஷம் முழுக்க இருக்கிறது, கொண்டல் காற்று அடிக்கிற மாதங்களில் கேட்கவே வேண்டாம். உள்ளே போன ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வு வாயில் பனிக்கட்டியாகி அடைக்கும், அதைவிடப் பெரிய கேடு, கேஸோடும் சூட்டோடும் சேர்ந்து அமிலமாகி அலுமினியத்தை உள்ளிருந்தே அரிக்கும்.

வேக்கம் போட்டால், அதாவது பம்ப் வைத்து உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சி எடுத்தால், ஈரமெல்லாம் போய்விடுமே என்று கேட்பீர்கள். பைப்பில் தனித் தண்ணீராக நிற்கிற ஈரம் போகும். பிஏஜி குடித்துவிட்ட ஈரம் லேசில் போகாது, ஆயிலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே ஈரம் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி. சின்ன டப்பாவாக வாங்குங்கள், 250 மில்லி போதும். ஊற்றப் போகிற நிமிஷத்தில் திறந்து, அளந்து ஊற்றிவிட்டு உடனே மூடுங்கள். தகர டப்பாவில் வருவதை அதிலேயே வையுங்கள். மிச்சத்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி அலமாரியில் வைக்கிற பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது, பிளாஸ்டிக் வழியாகவே ஈரம் மெதுவாக உள்ளே போகும். திறந்து பல நாள் ஆன டப்பாவை நான் ஏசிக்குள் ஊற்றுவதில்லை. மனசு கேட்காதுதான், ஆனாலும் ஊற்றுவதில்லை.

வேலையைத் தொடங்கும்போது கேஸை முறையாக மிஷினில் இழுத்து எடுங்கள். நட்டை லூஸ் பண்ணி புஸ்ஸென்று காற்றில் விடுவது தப்பு, ஆர்-134ஏ பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்ஸைடைப் போல 1,430 மடங்கு. அதோடு, வேகமாக வெளியே விட்டால் கேஸ் ஆயிலையும் வாரிக்கொண்டு போகும், நம் கணக்கே கெட்டுப்போகும். அந்தக் கேஸ் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கிற திரவம், கையில் கண்ணில் பட்டால் சதை உறைந்துவிடும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் பீடி, வெல்டிங் எதுவும் வேண்டாம், நெருப்பில் பட்டால் விஷப்புகை ஆகும். இழுத்த கேஸோடு கொஞ்சம் ஆயிலும் வந்திருக்கும், மிஷினில் அதற்கென்று ஒரு சின்னப் புட்டி இருக்கும். அதில் எத்தனை மில்லி சேர்ந்தது என்று பார்த்து எழுதுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

பைப்புகளைக் கழற்றிய அந்த நொடியே வாயை மூடுங்கள். மூடி இல்லாவிட்டால் சுத்தமான பாலிதீன் தாளைச் சுற்றி டேப் போடலாம். மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது திறந்து போட்டுவிட்டுப் போகக் கூடாது.

பழைய கம்ப்ரசரை எடுத்து, அடியில் ஆயில் போல்ட் இருந்தால் அதைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் பைப் மாட்டுகிற இரண்டு ஓட்டைகள் வழியாகவே வடிக்கலாம். அளவுக்கோடு போட்ட ஜாடி வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கிற சிரப் அளவு மூடியை வைத்து ஒப்பேற்றாதீர்கள், 100 மில்லி அளக்கிற ஜாடி ஒன்று வாங்கி இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். ஜாடிமேல் கவிழ்த்து, முன்னால் இருக்கிற கிளட்ச் தகட்டைக் கையால் சுற்றிக்கொண்டே இருங்கள், புல்லியைச் சுற்றினால் பயனில்லை, தகட்டைச் சுற்றினால்தான் உள்ளே தண்டு சுற்றும். பொறுமை வேண்டும், பிசுபிசுப்பான ஆயில், 10, 15 நிமிஷம் கவிழ்த்தே வையுங்கள், நடுநடுவே சாய்த்துப் பாருங்கள்.

வடிந்ததை வெளிச்சத்தில் பாருங்கள், ஏனென்றால் அடுத்து என்ன செய்வது என்பதை அந்த நிறம் சொல்லும். தெளிவாகவோ லேசான மஞ்சளாகவோ இருந்தால் சிஸ்டம் சுத்தம். பச்சையாக மின்னினால் முன்பு யாரோ லீக் பார்க்க டை என்கிற சாயம் போட்டிருக்கிறார்கள், பயப்பட வேண்டாம். கரும்பழுப்பாக இருந்தால் ஆயில் வெந்திருக்கிறது. கறுப்பாக, விரலில் தேய்த்தால் வெள்ளித்தூள் போல மினுமினுத்தால், தூள் சிஸ்டம் முழுக்கப் போயிருக்கிறது, அந்தக் கதை பெரிசு, கீழே சொல்கிறேன்.

புதுக் கம்ப்ரசரையும் இதேபோல் முழுசாக வடியுங்கள். கம்பெனிக் கம்ப்ரசர்கள் பலவற்றில் முழு சிஸ்டத்துக்கும் வேண்டிய ஆயிலை நிரப்பியே அனுப்புவார்கள். வேறு சிலவற்றில் துருப்பிடிக்காமல் இருக்கக் கொஞ்சம் மட்டும் இருக்கும், சிலதில் ஒன்றுமே இருக்காது. வெளிச்சந்தைக் கம்ப்ரசர்களில் எந்தவகை ஆயில் என்பதே பெட்டியில் எழுதியிருக்காது. வடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

கணக்கு இப்படி. பழையதிலிருந்து 50 மில்லி வடிந்தது, மிஷின் புட்டியில் 10 மில்லி இருந்தது. இரண்டும் சேர்ந்து 60. புதுக் கம்ப்ரசருக்குள் 60 மில்லி புது ஆயில் போக வேண்டும். பெட்டியில் 120 மில்லி இருந்ததென்றால் அதை அப்படியே மாட்டினால் 60 மில்லி கூடுதல், அதாவது வண்டி கேட்பதில் பாதி அளவு கூடிப்போகிறது. தங்கச்சிமடத்துத் தம்பியின் வண்டியில் நடந்தது இதுதான், அதற்கும் மேலே அரை டப்பா. சில கையேடுகளில் வேறு மாதிரி எழுதியிருப்பார்கள்: புதியதில் இருக்கிற அளவிலிருந்து பழையதில் வடிந்த அளவைக் கழி, வருகிற மிச்சத்தைப் புதியதிலிருந்து வெளியே எடு. அதுவும் சரியான கணக்குதான். எனக்கு முழுசாக வடித்துவிட்டு ஊற்றுவது பிடிக்கும். பழைய கம்ப்ரசரை எவ்வளவு கவிழ்த்தாலும் உள்சுவரில் ஒட்டிய ஆயில் கொஞ்சம் வராது. புதியதையும் வடித்துவிட்டு ஊற்றினால் அதன் சுவரிலும் ஏறக்குறைய அதே அளவு ஒட்டி நிற்கும், அதற்கு இது சரியாகிவிடும்.

கம்ப்ரசரோடு டிரையரும் மாற்றுவீர்கள், மாற்றித்தான் ஆக வேண்டும். அதற்குரிய பங்கைத் தனியாகச் சேர்க்க வேண்டும். கையேட்டில் ஒவ்வொரு பாகத்துக்கும் எத்தனை மில்லி என்று இருக்கும், அது கையில் இல்லாவிட்டால் பொதுவாக டிரையருக்கு 15 மில்லி, கண்டென்சருக்கு 30 முதல் 40, கூலிங் காயிலுக்கு 40 முதல் 60, ஒரு ஹோஸுக்கு 10 என்று வைத்துக்கொள்ளலாம். எந்தப் பாகத்தை மாற்றினீர்களோ அதன் பங்கை அந்தப் பாகத்துக்குள்ளேயே ஊற்றிவிடுங்கள், எல்லாவற்றையும் கம்ப்ரசரில் கொட்டினால் முதல் ஸ்டார்ட்டிலேயே அது ஆயிலை அமுக்கப் பார்க்கும்.

பழையதிலிருந்து ஒன்றுமே வரவில்லை, அல்லது 10, 15 மில்லிதான் வந்தது என்றால்? அப்போது "வந்ததை ஊற்று" என்கிற கணக்கு உதவாது. ஆயில் எங்கேயோ லீக்கில் போயிருக்கிறது, அல்லது காயிலில் தேங்கிக் கிடக்கிறது, எது என்று வெளியிலிருந்து தெரியாது. கையேட்டில் குறைந்தபட்சம் இவ்வளவு ஊற்று என்று சொல்லியிருந்தால் அதைச் செய்யலாம். நான் செய்வது, சிஸ்டத்தைக் கழுவிவிட்டு முழு அளவையும் புதிதாக ஊற்றுவது. யார் எதை ஊற்றினார்கள் என்று தெரியாத வண்டிக்கும் இதுதான்.

கழுவுவது என்றால், கூலிங் காயிலையும் ஹோஸ்களையும் ஏசிக்கென்று விற்கிற ஃப்ளஷ் திரவத்தால் கழுவ வேண்டும். பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் எதுவும் ஆகாது, ரப்பரைத் தின்றுவிடும், உள்ளே தங்கிப் புது ஆயிலையும் கெடுக்கும். எக்ஸ்பான்ஷன் வால்வைக் கழற்றிவிட்டுத்தான் கழுவ வேண்டும். கம்ப்ரசருக்குள்ளும் டிரையருக்குள்ளும் ஃப்ளஷ் விடவே கூடாது. கழுவிய பிறகு நைட்ரஜன் விட்டு நன்றாக உலர்த்துங்கள். டயருக்குக் காற்றடிக்கிற பம்ப்பை வைத்து ஊதுகிறவர்களைப் பார்க்கிறேன். நம்ம ஊரில் அந்த டேங்க்கின் அடி வால்வைத் திறந்தால் எவ்வளவு தண்ணீர் கொட்டுகிறது என்று ஒரு தடவை பாருங்கள், அதற்கப்புறம் அந்தக் காற்றை ஏசிக்குள் விட மனசு வராது.

கம்ப்ரசர் பிடித்துக்கொண்டு, ஆயில் கறுப்பாக, தூளோடு வந்திருந்தால் கண்டென்சரையும் மாற்றுங்கள். இப்போதைய கண்டென்சர்களின் தட்டைக் குழாய்க்குள் ஊசிமுனை போல நிறைய வழிகள் இருக்கின்றன, தூள் அதற்குள் போய் மாட்டினால் எந்த ஃப்ளஷ்ஷும் வெளியே கொண்டுவராது. சுற்று ஓட ஆரம்பித்ததும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பிவந்து புதுக் கம்ப்ரசரையும் தின்னும். காசு கூடுதல்தான், வண்டிக்காரரிடம் இதைச் சொல்ல எனக்கும் கஷ்டமாக இருக்கும். ஆனால் அவரிடம் கழற்றிய ஆயிலை ஜாடியோடு காட்டிவிட்டால் பேச்சே தேவைப்படாது.

மாட்டும்போது பைப் இணைப்புகளில் வருகிற ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் ஒவ்வொன்றும் புதிதாகப் போடுங்கள், அதே ஆயிலை விரலில் தொட்டு மேலே தடவி, முறுக்காமல் உட்கார வையுங்கள். ஆயிலைக் கம்ப்ரசரின் இழுக்கிற பக்க ஓட்டையில், அதாவது பெரிய பைப் வருகிற பக்கம், மெதுவாக ஊற்றி, தகட்டைக் கையால் 10 சுற்றாவது சுற்றுங்கள். உள்ளே சேர்ந்த ஆயில் பிஸ்டனை விட்டு நகர்ந்து பரவ இது வேண்டும். வண்டியில் மாட்டி பெல்ட் போட்ட பிறகும் இன்னொரு தடவை சுற்றிப் பாருங்கள், எங்கேயும் பிடிக்கக் கூடாது. டிரையரின் மூடியைக் கடைசியாகத்தான் திறக்க வேண்டும், அதற்குள் இருக்கிற மணிகள் ஈரத்தைக் குடிக்கத்தான் இருக்கின்றன, ஊர்க்காற்றில் வைத்தால் ஊர்க்காற்றைக் குடித்துத் தீர்த்துவிடும்.

வேக்கம் 45 நிமிஷம், மழைக்காலத்தில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டுங்கள். 30 டிகிரி வெக்கையில் தண்ணீர் கொதிக்க அழுத்தம் 32 மில்லிமீட்டர் பாதரசத்துக்கும் கீழே இறங்க வேண்டும், தேய்ந்த பம்ப் அவ்வளவு இறக்காது, அதனால் பம்ப்பின் சொந்த ஆயிலையும் அவ்வப்போது மாற்றுங்கள். வால்வை மூடி 20 நிமிஷம் விடுங்கள், முள் அசையக் கூடாது. அசைந்தால் கேஸ் ஏற்றாதீர்கள், லீக்கைத் தேடுங்கள். கேஸை ஸ்டிக்கரில் சொன்ன கிராம் கணக்கில் தராசு வைத்து ஏற்ற வேண்டும், முள்ளைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஏற்றுவது வேண்டாம். கேஸ்தான் ஆயிலைத் தூக்கிக்கொண்டு சுற்றுகிறது, கேஸ் குறைந்தால் நாம் அளந்து ஊற்றிய ஆயிலும் திரும்பி வராது. ஆயில் கலந்து விற்கிற சின்னக் கேஸ் கேன்களை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள், அளந்த கணக்கு அங்கேயே போய்விடும்.

முதலில் ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சின் ஐட்லிங்கில், ப்ளோயர் முழு வேகத்தில், கண்ணாடி நாலும் இறக்கி, ஐந்து நிமிஷமாவது ஓட விடுங்கள். ஆக்சிலரேட்டரை மிதித்துப் பார்க்கிற ஆசையை அடக்குங்கள். அப்புறம் கேஜைப் பாருங்கள். 35 டிகிரி வெயிலில் ஆர்-134ஏ வண்டி ஒன்றில் குறைந்த அழுத்தப் பக்கத்து நீல முள் 30-க்கும் 45 பிஎஸ்ஐ-க்கும் நடுவில், சிவப்பு முள் 200-க்கும் 250 பிஎஸ்ஐ-க்கும் நடுவில் நின்றால் நிம்மதியாகக் கதவைச் சாத்தலாம்.

புதுக் கம்ப்ரசருக்கு ஆயில் சரியாகப் போட்டாலும், வண்டி ஓடுகிற இடம் தன் வேலையைக் காட்டத்தான் செய்யும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் தனுஷ்கோடிச் சாலையில் அரிச்சல்முனை வரை போய்வருகிற வண்டியின் முன்பக்கம் பாருங்கள், கண்டென்சர் ஃபின்களில் உப்பும் மணலும் அப்பிக் கிடக்கும். நாளடைவில் வெள்ளைப் பொடி பூத்து, குழாயில் ஊசித்துளை விழும். லீக் ஆகிற இடத்தில் கேஸோடு ஆயிலும் கசியும், அதன்மேல் தூசி ஒட்டி ஒரு கறைத் திட்டாகத் தெரியும். அந்தத் திட்டுதான் உங்களுக்கு எச்சரிக்கை. வருஷாவருஷம் சித்திரையில் கேஸ் மட்டும் அடித்துக்கொண்டு போகிற வண்டிகளில் கம்ப்ரசர் பிடிப்பதற்குக் காரணமே இதுதான், கேஸ் போகும்போதெல்லாம் ஆயிலும் கொஞ்சம் போகிறது, திரும்ப வருவது கேஸ் மட்டும். கண்டென்சரை வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவிவிடுங்கள், ஃபின் மடங்குகிற அளவு பிரஷர் வேண்டாம். நல்ல தண்ணீர் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, நம்ம பக்கம் பல ஊர்களில் போர் தண்ணீரே உப்பு. காவிரித் தண்ணீர் ஒரு வாளி போதும்.

தம்பியின் வண்டியை முழுக்கக் கழுவி, டிரையரும் எக்ஸ்பான்ஷன் வால்வும் மாற்றி, 120 மில்லியைப் பங்கு பிரித்து ஊற்றினேன், கம்ப்ரசர் அதே கம்ப்ரசர்தான், நல்லவேளையாக வால்வு உடையவில்லை. வேலை முடிந்ததும் பானட்டின் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, அழியாத பேனாவால் எழுதிக் கொடுத்தேன். இதை நீங்களும் செய்யுங்கள், இரண்டு நிமிஷ வேலை: தேதி, கிலோமீட்டர், ஆயிலின் பெயரும் எண்ணும், பழையதில் வடிந்தது எத்தனை மில்லி, புதிதாக ஊற்றியது எத்தனை மில்லி, எந்தெந்தப் பாகம் மாற்றியது, கேஸ் எத்தனை கிராம். அடுத்து அந்த வண்டியைத் திறக்கிறவர் தொண்டியில் இருக்கலாம், சாயல்குடியில் இருக்கலாம், அவருக்கு அது வேண்டும்.